பூச்சூடாதவள் இல்லத்துப் பூஞ்செடிகள்

1

இக்குறிப்பை எழுதி வைக்க வேண்டிய தேவை இரண்டு காரணங்களால் எழுந்தது. முதலாவது, மலாயாவின் தைப்பிங் நகரத் தமிழரிடையே என் இல்லாள் அலமேலுவைப் பற்றி உலவும் கதைகள். அவள் ஏதோ கடுநோன்பு பூண்டவள் என்பர் சிலர். தலைப்பிள்ளையை இழந்த துயரால் பூவை வெறுத்தவள் என்பர் வேறு சிலர். எங்களுக்கு முறைப்படி திருமணமே நடக்கவில்லை என்று சொன்னவரும் உளர். மூன்றும் பொய். இரண்டாவது, எம் மகளின் திருமணத்தை உறுதி செய்யும் நேரத்தில் அருகிலுள்ள கோலகங்சாரில் நடந்த ஒன்றை, கண்ணால் காணாதவர்கள் கண்டதுபோலச் சொல்லத் தொடங்கிவிட்டனர். வாய்க்கு வாய் மாறி அது வேறொன்றாகிவிடும் முன்னர், உடனிருந்தவன் எழுதிவிடுவது நல்லது.

சித்தூர், திருப்பதிப் பக்கத்து அன்பர்களுக்கு இதில் பாதி சொல்லாமலே விளங்கும். ஏனையோருக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் நாகலாபுரத்தான். இந்நகரின் பூங்காப் பிரிவில் மேற்பார்வையாளனாகக் கால் நூற்றாண்டாகப் பணி செய்கிறேன். சாலையோர மரங்களும், அலுவலக முகப்புகளின் பூஞ்செடிகளும், ஏரிக்கரைப் பூங்காவும் என் பொறுப்பு. என் இல்லாள் திருமலையில் பிறந்தவள். திருப்பதியில் அன்று, மலைமீதே. அவள் தந்தையார் அங்கே நந்தவனத்தில் செடிகளைப் பேணிவந்தவர்.

திருமலையில் பெண்கள் பூச்சூடுவதில்லை. அங்கே மலரும் ஒவ்வொரு மலரும் பெருமாளுக்கே உரியது. சாற்றிக் களைந்த மாலைகளையும் யாருக்கும் கொடுப்பதில்லை. அவை கோயிலிலுள்ள பூங்கிணறு என்னும் கிணற்றுக்குள் போய்விடும் என்பர். ஏறிவரும் அடியவர்களுக்கு இது ஒருநாள் வழக்கம். அங்கேயே பிறந்து, பூக்கூடைகளுக்கு நடுவே வளர்ந்து, பதினாறு அகவை வரை ஒரு பூவையும் தலையில் வைத்தறியாத பெண்ணுக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

2

இவ்வாண்டு ஏப்பிரல் திங்களில் சென்னை மாநிலத்துக்கும் ஆந்திரத்துக்கும் இடையிலான எல்லை ஒருவாறு முடிவாயிற்று என்று செய்தித்தாள் சொன்னது. அதற்குச் சில கிழமைகள் கழித்து, குடியுரிமைப் பதிவுக்காக நாங்கள் இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் இளைஞர், மலாய்க்காரர், பணிவானவர்.

என் பிறந்த ஊரையும் மாநிலத்தையும் கேட்டார். நாகலாபுரம், சென்னை மாநிலம் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டு, பொறுங்கள், இப்போது ஆந்திரப் பிரதேசம் என்று திருத்தினேன். அவர் எழுதியதை அடித்தார். இல்லாளுக்கும் ஆந்திரப் பிரதேசமா என்று கேட்டார். ஆம், ஆனால் அவளுக்கு அது முன்னரே ஆகிவிட்டது என்றேன். அவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார்.

நான் விளக்கினேன். நாங்கள் பிறந்தபோது இரண்டும் ஒரே மாகாணம். ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு திருமலையும் அங்கே போயிற்று. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த எங்கள் நாகலாபுரம் சென்னை மாநிலத்திலேயே நின்றது. ஆறாண்டுகளுக்கு மேலாக நானும் என் இல்லாளும் இருவேறு மாநிலத்தார். இந்த ஏப்பிரலில்தான் என் ஊர் அவள் ஊரைப் பின்தொடர்ந்தது.

"உங்கள் ஊர் இனிமேல் எங்கும் போகாதே? போவதாக இருந்தால் சொல்லுங்கள், மையினால் எழுதாமல் பென்சிலால் எழுதுகிறேன்" என்றார் அவர், சிரிக்காமல்.

அலமேலு என் கையைத் தொட்டாள். "இன்னாங்க சொல்றாரு?"

"நம் ஊர் எந்த மாநிலம் என்று கேட்கிறார்."

"மழ பேயாத மாநிலம்னு எழுதிக்கச் சொல்லுங்க."

தைப்பிங்கில் மழை பெய்யாத நாளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அன்றும் குடை நனைந்தே வீடு திரும்பினோம்.

3

தாயகத்து அன்பர்கள் இங்குள்ள மரங்களைப் பற்றி அடிக்கடி கேட்டெழுதுகிறார்கள். ஏரிக்கரையில் நிற்பவை தூங்குமூஞ்சி மரங்கள். கிளைகளைத் தாழ்த்தி நீரைத் தொடும் அளவுக்கு நீட்டி நிற்கும். மாலையில் இலை குவிவதால் மலாய் மக்கள் அதனை ஐந்துமணி மரம் என்று அழைக்கிறார்கள். அத்துணை அழகிய மரத்துக்கு நாம் இட்ட பெயரை நினைத்தால் எனக்கு நாணமாக இருக்கும். துயில்மரம் என்று எழுதிப் பார்த்தேன். என்னிடம் வேலை செய்யும் மாணிக்கம் அதை ஏற்கவில்லை. மயிற்கொன்றைக் கன்றுகளை எடுத்து வா என்று ஒருநாள் அவனிடம் சொன்னேன். "செவப்பு மரம்னு கூப்பிட்டா அது கோவிச்சுக்குமாங்கய்யா?" என்று கேட்டுவிட்டுப் போய் எடுத்து வந்தான்.

அலுவலக முகப்புகளுக்கு நாங்கள் வைப்பவை குரோட்டன்ஸ், கல்வாழை, செம்பருத்தி, வெட்சி, மஞ்சட் குழலாகப் பூக்கும் அலமண்டா ஆகியவை. இவற்றை நடும் முறை தனி. உயர்ந்தவை பின்னே, குட்டையானவை முன்னே. கரும்பச்சைக்கு அருகில் மஞ்சள். ஒன்று பூத்து ஓயும்போது அடுத்தது தொடங்க வேண்டும். காண்பவர் கண் எங்கும் தடுக்காமல் செல்ல வேண்டும். காயும் கனியும் எதிர்பார்ப்பதில்லை. மாலை கட்டுவதில்லை. அழகு ஒன்றே அவற்றின் வேலை.

இங்கு வந்து சேர்ந்த புதிதில் அலமேலு இதைப் புரிந்துகொள்ள மிகவும் இடர்ப்பட்டாள். ஏரிக்கரையை அடுத்த சாலையில் மயிற்கொன்றை மரங்களின் கீழே நடந்துகொண்டிருந்தோம். வழியெங்கும் செவ்விதழ்கள். அவள் நின்றுவிட்டாள். கால் வைக்க இடம் தேடினாள்.

"இதெல்லாம் யாருக்குப் பூக்குதுங்க?"

"யாருக்கும் இல்லை. பார்ப்பதற்கு."

"பாத்த பெறவு?"

"உதிரும்."

"உதுந்த பெறவு?"

"கூட்டி அள்ளிவிடுவார்கள்."

அவள் சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு, பூக்களை மிதிக்காமல் சாலையின் ஓரமாகவே வீடு வரை வந்தாள். மறுநாள் தொடங்கி, நான் எழுமுன்னரே எங்கள் குடியிருப்பின் முன்னுள்ள சாலையில் உதிர்ந்த பூக்களையெல்லாம் கூடையில் பொறுக்கினாள். அதை எங்கே கொட்டினாள் என்பது எனக்குத் தெரியாது.

தெரிந்தபோது நகரச் சுகாதார அலுவலர் எங்கள் வாயிலில் நின்றுகொண்டிருந்தார். நான்கு வீட்டாருக்கும் பொதுவான கிணற்றில் பூ அழுகித் தண்ணீர் நாறுகிறது என்று முறையீடு போயிருந்தது. அவர் வாளியை மேலே இழுத்தார். சிவப்பும் பழுப்புமாக இதழ்கள் மிதந்தன. உம் மனைவியின் உடல்நலம் எப்படி என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். பூக்கள் காலில் படலாகாது, அவற்றுக்குரிய இடம் கிணறு என்னும் எங்கள் மலைவழக்கத்தை, எனக்கிருந்த ஆங்கிலத்தைக் கொண்டு சொல்லி முடித்தேன். அவர் கிணற்றை இறைக்க ஆள் அனுப்புவதாகச் சொல்லிப் போனார்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாள் மட்டும் விடவில்லை. "ஏம்மா மலைக்காரம்மா, ஒங்க சாமி கெணத்துத் தண்ணி குடிக்கமாட்டாரு போலருக்கு. நாங்க குடிக்கிறோம்டி."

வீட்டின் பின்னே ஒரு குழி தோண்டிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பூக்கள் அதற்குள் போயின. அக்குழியின் மண்ணை எடுத்துத்தான் எங்கள் வாயிற்செடிகளை வளர்த்தேன். குடியிருப்பிலேயே பேரழகு வாய்ந்த தோட்டம் எங்களுடையதாயிற்று. அண்டை வீட்டு மணப்பெண்களுக்கெல்லாம் செல்லம்மாள் உட்பட எல்லாரும் எங்களிடமே பூக் கேட்டு வந்தனர். அலமேலு கூடை கூடையாகப் பறித்துக் கொடுப்பாள். அவள் தலையில் மட்டும் எக்காலமும் ஒரு பூ இருந்ததில்லை.

4

ஆந்திர மாநிலம் பிரிந்த காலத்தில், திருப்பதி தமிழருக்கா தெலுங்கருக்கா என்னும் வழக்கு தைப்பிங்குக்கும் வந்து சேர்ந்தது. வரதய்யபாளையத்திலிருந்து வந்த முனுசாமி இங்குத் தேநீர்க்கடை வைத்திருக்கிறார். நாள் பட்ட செய்தித்தாளைப் பிரித்துவைத்துக்கொண்டு அங்கே நாங்கள் போட்ட பூசல் சிறிதன்று. இலக்கியச் சான்றுகளை எடுத்தெண்ணியவன் நான். முனுசாமிக்கு வீட்டில் ஒரு மொழி, சந்தையில் ஒரு மொழி. அவர் இரண்டிலும் மாறிமாறிக் கத்தினார்.

ஒருநாள் மாலை என்னைத் தேடிக்கொண்டு அலமேலு கடைவாயிலுக்கு வந்தாள். முனுசாமி அவளைப் பிடித்துக்கொண்டார். "வாம்மா, நீயே சொல்லு. மலைல பொறந்தவ. திருப்பதி நம்முளுதா, அவங்களுதா?"

அவள் எல்லாரையும் ஒருமுறை பார்த்தாள். "மலையில பூக்கிற ஒரு பூவே எங்களுது இல்லன்னு வளந்தவ நானு. மலையே யாருதுன்னு எங்கிட்டப் போயி கேக்கிறீங்களேண்ணா." பிறகு என்னிடம், "சோறு ஆறிக்கினு இருக்குது" என்றாள்.

அன்றைக்குப் பூசல் அத்துடன் முடிந்தது. மறுநாள் மீண்டும் தொடங்கியது என்பதையும் உண்மையின் பொருட்டு எழுதுகிறேன்.

5

எங்களுக்கு ஒரே மகள். மணிமொழி என்று பெயரிட்டேன். இங்கே பிறந்து வளர்ந்தவள். மலாய் மொழியில் பூவுக்கு வழங்கும் சொல் நம் பூங்கா என்பதைப் போலவே ஒலிக்கும். சிறுமியாக இருந்தபோது "நைனா, பூங்கா பறிச்சுக் குடு" என்பாள். என் பொறுப்பில் உள்ளதை அப்படியே கேட்கிறாளே என்று நகைப்பேன். வளர்ந்தபின் நகைப்பு குறைந்தது. நான் எழுதும் தமிழை அவள் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாள். என்னிடம் ஒரு மொழி, தோழியரிடம் ஒரு மொழி, கோபம் வந்தால் ஆங்கிலம்.

அவள் கோலகங்சாரில் ஒரு பள்ளியில் ஆசிரியை. நாள்தோறும் இரயிலில் போய் வருவாள். அவ்வூர் நிலையத்தில் எழுத்தராக இருக்கும் இராசு என்னும் இளைஞரை மணக்க விரும்புவதாகத் தன் தாயிடம் சொன்னாள். நல்ல பிள்ளை. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் குடும்பம். தந்தை இரயில்வேத் தொழிலாளி, சப்பானியர் ஆட்சியில் சயாமுக்கு இரயில் பாதை போட இழுத்துச் செல்லப்பட்டவர், திரும்பவில்லை. தாயார் பாக்கியத்தம்மாள் இட்டிலி விற்றுப் பிள்ளையைப் படிக்கவைத்தவர்.

பெண் பார்க்க இராசுவும், அவர் தாயாரும், தாய்மாமன் வைத்திலிங்கமும் வந்தனர். கணவரை இழந்தவர் என்பதால் பாக்கியத்தம்மாள் கூடத்துக்குள் வரவில்லை. "நான் இங்கயே செடியப் பாத்துக்கிட்டு இருக்கேன், நீங்க ஆகவேண்டியதப் பாருங்க" என்று வாயிற்புறத்தில் நின்றுகொண்டார். எவ்வளவோ அழைத்தும் வரவில்லை. வெட்சியையும் நந்தியாவட்டையையும் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அலமேலு அவருக்குத் தேநீர் எடுத்துச் சென்றாள். அவர் குவளையை வாங்கியபடியே அவள் தலையைப் பார்த்தார். முகம் மாறியதை உள்ளிருந்தே கண்டேன்.

இரண்டு நாள் கழித்து வைத்திலிங்கம் வந்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறது, குடும்பமும் பிடித்திருக்கிறது, ஒரே ஒரு நிபந்தனை என்றார். உறுதி செய்யும் அன்று பெண்ணின் தாய் தலையில் பூ வைத்துக்கொண்டுதான் தட்டை எடுத்துத் தர வேண்டும். இல்லையென்றால் அக்கா தட்டை வாங்கமாட்டாள். "எனக்கும் புரியலைங்க. அக்கா இந்த மாதிரியெல்லாம் பேசறவளே இல்ல" என்று தலையைச் சொறிந்தார்.

6

அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாக உண்ணவில்லை. அலமேலு முடியாது என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் மணிமொழிக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு மொழம் பூ. ஒரு மணி நேரம். அதுக்கு மேல நான் கேக்கலியேம்மா."

"கேக்கலதான்."

"இங்க என்ன திருமலையா? அதோ நிக்கிறது மாக்ஸ்வெல் மலை. அது வேற மலைம்மா."

"மலை எதுவா இருந்தா இன்னாடி. நா அதே ஆளுதான."

"அப்ப எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்னு எழுதிக் குடுத்துடவா?"

அலமேலு நிமிர்ந்து பார்த்தாள். "அப்பிடி யாரும் சொல்லலியே. தட்ட நா எடுத்துக் குடுக்கலன்னா உங்க நைனா எடுத்துக் குடுக்கட்டும்."

"அவங்க உன்னத்தான கேக்கிறாங்க."

மகள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிறாள் என்பது எங்கள் இருவருக்கும் கேட்டது.

நான் என்னாலான நியாயங்களைச் சொன்னேன். வழக்கம் மலைமீது இருப்பவர்க்கே. கீழே வந்தவர்க்கு இல்லை. "புத்தூரில் வாழ்க்கைப்பட்ட உன் தங்கை சூடவில்லையா? காளஹஸ்தியில் உன் மாமன் மகள் சூடவில்லையா? எந்நூலிலும் தடையில்லை" என்றேன்.

"நூலு இல்லாததா உங்களுக்கு" என்றாள். பிறகு விளக்கைத் தணித்துவிட்டு, "நா அந்தம்மாவப் பாக்கணும். ஞாயித்துக்கெழம கோலகங்சார் போலாமா?" என்று கேட்டாள்.

சூடுவதற்கு இசைந்து கேட்கிறாளா, மறுத்துச் சொல்வதற்குக் கேட்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. மகளின் வாழ்வு அந்த ஞாயிற்றுக்கிழமையில் தொங்கிக்கொண்டிருந்தது.

7

இரயிலின் இருபுறமும், ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் தேங்கிய ஈயக்குளங்கள். சன்னலோரம் உட்கார்ந்து, வெளியே பார்த்தபடியே அவள் பேசத் தொடங்கினாள். முப்பதாண்டு இல்லறத்தில் அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்று.

"கல்யாணத்தன்னிக்கி உங்க வூட்டுப் பொம்பளைங்க எனக்குத் தல நெறயப் பூ வெச்சாங்க. நா வேணாம்னு சொல்லல. சந்தோசமாத்தான் இருந்துச்சு. எத்தினி நாளா கூடையில பாத்தது, தலையில இருந்தா இம்மாங் கனமான்னு தோணுச்சு. சாயந்திரம் எங்க நைனா கெளம்பறாரு. கும்பிட்டு எழுந்தனா, ஒரு சரம் நழுவிக் கீழ விழுந்துட்டுது. நைனாவுக்குக் கீழ பூ கெடந்தா தாண்டிப் போவ வராது. சட்டுனு குனிஞ்சு எடுத்துட்டாரு. எடுத்துட்டாரே தவுர, எங்க போடறதுன்னு தெரியல. சுத்தி முத்தியும் பாக்கிறாரு. எல்லாரும் அவரப் பாக்கிறாங்க. துண்டுல முடிஞ்சுக்கினு போய்ட்டாரு."

"எங்கே?"

"எங்க போவாரு. நாகலாபுரத்துலேர்ந்து திருப்பதி. அங்கேர்ந்து மலை. முட்டிவலிக்காரரு, நடந்தே ஏறினாராம். அந்தக் காஞ்ச சரத்தத் தூக்கிக்கினு போயி நந்தவனத்துல ஒரு செடி அடியில பொதச்சாராம். அண்ணன் பின்னால வந்தப்ப சொன்னான். சிரிச்சுக்கினேதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரல."

அவள் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"அதுக்கப்புறம் வெக்கத் தோணல. வெச்சா உதுரும். உதுந்தா யாராச்சும் தூக்கிக்கினு மலையேறணும்."

அவள் கப்பலேறிய பிறகு தந்தையாரை மீண்டும் காணவில்லை. அவர் மறைந்த செய்தி, சப்பானியர் போனபின் பிற செய்திகளோடு ஒன்றாக வந்து சேர்ந்தது. நான் நூல்களிலிருந்து எடுத்துச் சொன்ன நியாயங்கள் யாவும் எவ்வளவு எடையற்றவை என்பதை அந்த இரயிலில் உணர்ந்தேன். சூட வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டையும் சொல்லாமல் இருந்தேன்.

8

பாக்கியத்தம்மாளின் வீடு நிலையத்துக்குப் பின்புறம், தொழிலாளர் குடியிருப்பின் கடைசியில் இருந்தது. வாயிலில் காகிதப்பூக்கொடி ஒன்று கூரை வரை ஏறி, கருஞ்சிவப்பாய்ப் பூத்துக் குலுங்கியது. இராசு பணிக்குப் போயிருந்தார். அம்மையார் எங்களைக் கண்டு திடுக்கிட்டார்.

"வாங்க. வர்றேன்னு சொல்லியிருந்தா தம்பிய ரயிலடிக்கு அனுப்பியிருப்பேனே."

அலமேலு பாயில் உட்கார்ந்தாள். தண்ணீரை வாங்கிக் குடித்தாள். "எம்மேல இருக்கிற கோவத்த எங்கிட்டயே சொல்லிடுங்க. நடுவுல தம்பி எதுக்கு?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்ப சகுனமா?"

"சகுனமாம் சகுனம். சகுனம் பாத்தா, எம் மகன் கல்யாணத்துல நான் எங்க போயி நிக்கிறது? அடுப்படியிலயா?" பாக்கியத்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பின்னர் குரலைத் தாழ்த்தினார். "மார்க்கெட்டுக்குப் போனா பூக்கடைப் பக்கம் போவமாட்டேன். மீன்கடை வழியா சுத்திக்கிட்டுத்தான் போவேன். அவரு செத்தாரா இருக்காரான்னே ரெண்டு வருசம் தெரியாது. தெரியிற வரைக்கும் பூ வச்சுக்கிட்டிருந்தேன். ஒருநாளு வந்து சொன்னாங்க. எடுத்துட்டாங்க. உங்க வீட்டு வாசல்ல அம்புட்டுப் பூ. புருசன் எதுக்க நிக்கிறாரு குத்துக்கல்லாட்டம். நீங்க வெறுந்தலையோட சிரிச்சுக்கிட்டு டீயக் கொண்டாந்து நீட்டுறீங்க. எனக்கு வயிறு எரிஞ்சுதும்மா. வேணுங்கிறவளுக்கு இல்ல. இருக்கிறவளுக்கு வேணாம்."

அலமேலு காலிக் குவளையைக் கீழே வைத்தாள். தன் தந்தையைப் பற்றிச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அந்த அமைதியில் என்னால் இருக்க முடியவில்லை. இத்தகைய நேரங்களில் எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசிவிடுவது என் இயல்பு.

"கொடி நன்றாகத் தழைத்திருக்கிறது" என்றேன்.

"அவரு வச்சது. ஸ்டேசன் வேலியிலேர்ந்து ஒரு குச்சிய ஒடிச்சாந்து நட்டாரு. சாமிக்கும் ஆவாது, தலைக்கும் ஆவாது. பாட்டுக்குப் பூத்துக்கிட்டே கெடக்கு."

"அம்மா, உண்மையில் அது பூவன்று. நிறமேறிய இலை. நம் கண்ணுக்குப் பூவாகத் தோன்றுகிறது. அவ்வளவே."

அலமேலு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எலயா?"

"இலைதான். பறித்துப் பார், நரம்பு ஓடும்."

"சும்மா சொல்லலியே? புத்தகத்துல இருக்குதா?"

"இருக்கிறது."

அவள் எழுந்து வாயிலுக்குப் போனாள். ஒரு கொத்தை ஒடித்து, ஒன்றை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உள்ளே வந்தாள். "நரம்பு ஓடுது. எலதான்." சொல்லிக்கொண்டே கொண்டையில் செருகிக்கொண்டாள். திருமண நாளுக்குப் பிறகு அவள் தலையில் ஒரு நிறத்தை நான் அன்றுதான் கண்டேன்.

"போதுமா சம்பந்தி?"

பாக்கியத்தம்மாள் சிரித்துவிட்டார். "எலய வச்சுக்கிட்டு என்ன ஏமாத்துறீங்களா?"

"ஏமாத்தல. எங்க மலையில சாமி பூவத்தான் கேட்டாரு. துளசியத் தவுர எந்த எலயையும் கேக்கல." கையில் மீந்திருந்த கொத்தைப் பார்த்தாள். "உங்கள மட்டும் இன்னா? பூ வெக்காதேன்னுதான சொன்னாங்க. எல வெக்காதேன்னு எவனாச்சும் சொன்னானா?"

"சீ, போங்க. யாராச்சும் பாத்தா."

"பாத்தா எலன்னு சொல்லு. இங்க வா. திரும்பு."

அவர்கள் இருவரும் ஒத்த அகவையினர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் அங்கிருப்பது முறையன்று என்று தோன்றியது. எழுந்து வாயிற்படி இறங்கிக் கொடியருகே போய் நின்றேன். உள்ளே பாக்கியத்தம்மாள் அழுவதும், "அசையாத, நழுவுது" என்று அலமேலு அதட்டுவதும் கேட்டன.

எங்களை வழியனுப்ப அவர் நிலையம் வரை வந்தார். முக்காடு போட்டிருந்தார். அதன் ஓரத்தில் கருஞ்சிவப்பு தெரிந்தது. மேடையில் தண்டவாளத் தொழிலாளர் சிலர் உட்கார்ந்திருந்தனர். அவர்களைக் கடக்கும்போது அம்மையாரின் கை முக்காட்டை இழுக்கப் போயிற்று, இழுக்காமலே திரும்பிற்று.

9

திருமணம் உறுதியாயிற்று. தட்டை அலமேலு எடுத்துக் கொடுத்தாள். பாக்கியத்தம்மாள் கூடத்தின் நடுவில் நின்று வாங்கிக்கொண்டார். இருவர் தலையிலும் அதே கொடியின் கொத்து. வைத்திலிங்கம் ஏதோ கேட்க வாயெடுத்தார். "எலடா" என்று அக்காள் சொன்னதும் வாயை மூடிக்கொண்டார். இவற்றையெல்லாம் அவ்விருவரின் இசைவு பெற்றே எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோலகங்சாரிலிருந்து திரும்பி வந்த இரயிலில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அலமேலு கொத்தைக் கொண்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துப் பிரித்தாள். நந்தவனத்தில் வளர்ந்தவளின் விரல்கள். மூன்று செவ்விலைகளையும் விலக்கி, நடுவில் அரிசியினும் சற்றுப் பெரிதாய் வெண்ணிறத்தில் நிற்பதைச் சுட்டினாள்.

"இது இன்னாங்க?"

அவள் பேச்சிலும் பிறர் பேச்சிலும் காணும் பிழைகளைத் திருத்தாமல் விட்டவன் அல்லன் நான். சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"காம்பின் ஒரு பகுதி" என்றேன்.

"நந்தவனத்துக்காரர் பொண்ணுகிட்டயா?" என்றாள். சினம் இல்லை. கொத்தை மீண்டும் சேர்த்துப் பிடித்து, கொண்டையில் செருகிக்கொண்டு, தைப்பிங் வரும் வரை கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

நெடுநாள் தாயகம் பிரிந்தவன் எழுதிய குறிப்பு இது. ஊர்ப்பெயர்களிலோ, எல்லை வகுத்த செய்திகளிலோ, மலையின் வழக்கத்தைச் சொன்னதிலோ, மரங்களுக்கு நான் வழங்கிய பெயர்களிலோ பிழை இருப்பின், அறிந்தோர் இவ்விதழுக்கு எழுதித் திருத்த வேண்டுகிறேன், நன்றியோடு ஏற்பேன். காகிதப்பூவின் நடுவே நிற்கும் அவ்வெண்மையே மெய்யான பூ என்பதைச் செடிநூல் வல்லார் அறிவர். நானும் அறிவேன். அதை மட்டும் யாரும் எழுதி அனுப்ப வேண்டா. பாக்கியத்தம்மாளுக்கு எழுத்து வாசனை இல்லை. இக்கட்டுரையை இராசுவே படித்துக் காட்டுவார். எவ்விடத்தை விட்டுவிட வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் மறுப்புரை ஒன்று தனியே அச்சாகி வந்துவிட்டால், அக்கம்பக்கத்தார் அதை அம்மையாரிடம் கொண்டுபோய்ப் படிக்காதிருக்கமாட்டார்கள். அவர் இப்போது வெள்ளிதோறும் சூடுகிறார்.